கேளாததால் சொல்லவில்லை



இராஜபாளையத்து நாய்க்குட்டி ஒன்றை வாங்க வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலைப்போல் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ம் ஆண்டு தபால்தலையிலே இடம்பெற்ற இனமல்லவா! கேட்ட விலையைக் கொடுத்து மகிழ்ச்சியாய்ப் போகிறார். குட்டிக்கோ காது கேளாது. இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. வளர்க்கிறவருக்கு அது தெரியும். தட்டைத் தட்டினால் திரும்பிப் பாராத குட்டி எது என்பதும் தெரியும். ஆயினும் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாங்கியவர் கேட்கவுமில்லை. இது வஞ்சகமாகுமா?

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்பது நம்மவர் வழக்கமாய்ச் சொல்லும் சமாதானம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குவினார் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒற்றைக் கண் குதிரையை விற்கிறவன் அந்தக் குறையை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை; அது பார்த்தாலே தெரியும், விலையை அதற்குத் தக்கபடி குறைத்தால் போதும். ஆனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ விளைவிக்கும் குறை மறைவாயிருந்தால் அதைச் சொல்லியே தீரவேண்டும் என்கிறார். அவர் வியாபாரிகள்மேல் கடுமை காட்டுகிறவரல்லர். பஞ்சமுள்ள ஊருக்குத் தானியம் கொண்டுவந்தவன், பின்னால் இன்னும் பலர் தானியத்துடன் வருகிறார்கள் என்று சொல்லாமல் அன்றைய விலைக்கு விற்றால், அது நீதிக்கு விரோதமல்ல, சொன்னால் அதிக புண்ணியம் என்கிறார். நாளைய சந்தை நிலவரம் வேறு, கையில் கொடுக்கிற பொருளின் குறை வேறு. செவிட்டுக் குட்டி எந்தப் பக்கம் சேரும் என்று நான் சொல்லவேண்டுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் கதை வேறு விதமானது. பசும்பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சி அவ்வூரார் சம்பாதித்த பெயருக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ கிண்டிய பால்கோவாவின்மேல் அந்த ஊர்ப் பெயரை ஒட்டி விற்கிறவர் மௌனமாயிருக்கவில்லை. அவருக்காக அட்டைப்பெட்டியே பொய் சொல்லுகிறது. "சரக்கு நல்ல சரக்குத்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார். தின்றவருக்கு நாக்கில் நஷ்டமில்லாதிருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியுமுன் அடுப்பெதிரே நின்று பால் கிண்டுகிறவரின் பிழைப்பிலன்றோ கை வைத்தாயிற்று! இவரை அவர் பார்த்ததேயில்லை. ஆகவே களவு போனதாகவும் அவருக்குத் தெரியாது. விலை மலிவென்று, தெரிந்தே அந்தப் பெட்டியை வாங்கி உறவினருக்கு "ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரக்கு" என்று கொடுக்கிற நாமும் அதற்கு உடந்தைதான்.

இனி, ஈடுசெய்வது எப்படி? அநியாயமாய் வந்த பணத்தை உடையவனுக்கே திருப்பவேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று என்பதால் இந்தக் கடன் தீர்ந்துவிடாது. உடையவனைக் கண்டுபிடிக்க வழியேயில்லாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். பஸ் ஜன்னல் வழியாய்ப் பெட்டியை வாங்கிப் போனவரை எங்கே தேடுவது? அங்கே தர்மம்தான் வழி.

ஆனால் குட்டியை விற்றவர், "சுவாமி, நானும் உண்டியலில் போட்டுவிடுகிறேன்" என்று வந்தால் அதை நான் வாங்குவதற்கில்லை. வாங்கியவருடைய டெலிபோன் நம்பர் அவரிடம் இருக்கிறதே!