செம்மங்குப்பம் கேட்டும் புல்லட் ரயிலும்

1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஒரு கம்பெனியாகப் பதிவானது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 23 அன்று, அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அறுத்துக்கொண்டு போக, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் ஒரே மாதத்தில் நடந்தவை இவை இரண்டும். பொதுப் பணம் எவ்வளவு பெரிய காரியத்தைத் தொடங்கும் என்பதை ஒன்று காட்டியது. பழைய பாலத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை மற்றது காட்டியது.

அதிவேகப் பயணிகள் ரயிலுக்கு மக்கள் வரிப்பணத்தைக் கொட்டலாமா என்று இன்று எழும் கேள்விக்கு இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து வைத்துத்தான் பதில் தேட வேண்டும்.

முதலில் ஒரு சுலபமான வாதத்தை ஒதுக்கிவிடலாம். "சோத்துக்கே வழியில்லாத நாட்டுக்குப் புல்லட் ரயில் எதற்கு?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். 1950களில் இதே கேள்வியை நெய்வேலியைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது வெளிவந்த பழுப்பு நிலக்கரியிலிருந்து தொடங்கிய கதை அது. சுரங்கத்துக்கு ஜெர்மன் இயந்திரங்கள் வந்தன, அனல் மின் நிலையத்துக்கு சோவியத் யூனியன் உதவியது. கிணறும் பள்ளிக்கூடமும் இல்லாத கிராமங்கள் ஆயிரக்கணக்கில் இருந்த காலத்தில்தான் அரசு அந்தப் பணத்தைப் போட்டது. அது சரியான முடிவு. ஏழை நாடு பெரிதாக எதையும் செய்யக் கூடாது என்று விதி வைத்தால் அந்த நாடு ஏழையாகவே இருக்கும். ஆகவே வேகத்தின் மேல் குற்றம் இல்லை. 1964இல் ஜப்பான் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே ஷின்கான்செனை ஓடவிட்டபோது அதுவும் போரில் நொறுங்கி எழுந்துகொண்டிருந்த நாடுதான். உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கித்தான் அதைக் கட்டினார்கள்.

ஆனால் நெய்வேலியை உதாரணமாகக் காட்டுபவர்கள் அதன் மறுபாதியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 1962 முதல் அங்கே பிறந்த மின்சாரம் கம்பி வழியாகப் போய்க் குடிசையிலும் எரிந்தது, பம்புசெட்டையும் ஓட்டியது. யார் அனுபவிப்பது என்ற கேள்விக்கு அதில் ஓரளவு நியாயமான பதில் இருந்தது. யார் இழப்பது என்ற கேள்விக்குத்தான் இன்றுவரை பதில் இல்லை. நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர்கள் தலைமுறைக் கணக்கில் போராடுகிறார்கள். 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக, வளையமாதேவியில் பச்சைப் பசேலென்று நின்ற நெல்வயலுக்குள் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். சட்டப்படி அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது. பால் பிடிக்கும் கதிரைச் சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் பார்த்தவர்களிடம் போய் 'பொது நலன்' என்ற சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. நாட்டிலேயே பொது நலத்துக்கு நல்ல சாட்சியாக இருக்கும் திட்டம் ஒன்றின் நிலைமையே இதுவென்றால், அடுத்த திட்டத்துக்கு நிலம் கேட்டு வருபவர்கள் எவ்வளவு கடன் சுமந்து வருகிறார்கள் என்பது புரியும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் 508 கிலோமீட்டர். 2017 செப்டம்பர் 14 அன்று பிரதமர் மோடியும் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பீடு 1,08,000 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 200 கோடிக்கு மேல். பிறகு அந்த மதிப்பீடு கூடியதே தவிரக் குறையவில்லை. சென்னை–பெங்களூரு–மைசூரு அதிவேகப் பாதையும் திட்டப் பட்டியலில் இருக்கிறது. 435 கிலோமீட்டர். அந்தப் பழைய விலையிலேயே பெருக்கினாலும் 90,000 கோடியைத் தாண்டும்.

"ஜப்பான் 0.1 சதவீத வட்டிக்குக் கொடுக்கிறது, ஐம்பது ஆண்டில் அடைத்தால் போதும், கிட்டத்தட்ட இனாம்" என்கிறார்கள். கடன் மலிவாகக் கிடைக்கிறது என்பது கடன் வாங்குவதற்குக் காரணமாகாது. அசலை அடைக்கப் போகிறவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். யென்னில் வாங்கியதை யென்னில்தான் அடைக்க வேண்டும், ரூபாய் எவ்வளவு சரிந்தாலும்.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் ஏற்றிச்செல்ல 1 ரூபாய் 38 காசு ஆகிறது, 73 காசுதான் வாங்குகிறோம் என்று ரயில்வே அமைச்சரே 2025இல் சொன்னார். சாதாரணப் பயணிக்கு மானியம் தருவது நியாயமென்றால் வேகமாகப் போகிறவருக்குத் தந்தால் மட்டும் எப்படித் தப்பாகும்? நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. விருத்தாசலத்தில் முன்பதிவில்லாப் பெட்டியின் வாசலில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அந்த ரயிலை விட்டால் வேறு வழி இல்லை. பஸ் கட்டணம் அவருடைய அரைநாள் கூலியைத் தின்றுவிடும். பெங்களூருக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டியவருக்கு விமானம் இருக்கிறது, வந்தே பாரத் இருக்கிறது, காரும் இருக்கிறது. முன்னவருக்குக் கொடுக்கும் காசில் ஒரு குடும்பம் ஓடுகிறது. பின்னவருக்குக் கொடுக்கும் காசில் ஏற்கெனவே கையில் இருக்கும் வசதி இன்னும் கொஞ்சம் கூடுகிறது. இரண்டையும் ஒரே பெயரில் மானியம் என்று அழைப்பது நியாயமாகாது. டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரனே புல்லட் ரயில் வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே பயன்படும் என்று 2018இல் சொன்னார். அதற்குப் பதிலாகச் சுத்தமான, பாதுகாப்பான, வேகமான சாதாரண ரயில்வே வேண்டும் என்பது அவர் கருத்து. ரயில் வேண்டாம் என்கிற ஆள் இல்லை அவர்.

நேரத்துக்கும் மதிப்புப் போடுகிறார்கள். திட்ட அறிக்கைகளில் மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரத்தையும் ரூபாயாக மாற்றி வரவுப் பக்கத்தில் எழுதுவார்கள். பெரிய சம்பளக்காரரின் மணி நேரத்துக்குப் பெரிய தொகை விழும். நெய்வேலி மந்தாரக்குப்பத்தில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் மணி நேரத்துக்குச் சின்னத் தொகைதான். சந்தைக்கு அது சரியாக இருக்கலாம். அரசுக்குச் சரியாக இருக்க முடியாது. ஓட்டுப்போடும்போது ஒருவருக்கு ஒன்று என்று எண்ணுகிற அரசு, பணம் போடும்போது மட்டும் சம்பளத்தைப் பார்த்து எண்ணலாமா?

இப்போது செம்மங்குப்பம். 2025 ஜூலை 8, காலை நேரம். கடலூருக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊர் ரயில்வே கேட்டில், விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் பள்ளி வேன் மீது மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த கேட் அன்று இன்டர்லாக் செய்யப்படாமல் இருந்தது. அப்படியென்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். இன்டர்லாக் உள்ள கேட்டில், கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். கேட் திறந்திருந்தால் சிக்னல் சிவப்பாகவே இருக்கும், யார் மறந்தாலும், யார் தூங்கினாலும். இன்டர்லாக் இல்லாத கேட்டில் எல்லாமே ஒரு போனை நம்பி நடக்கிறது. ரயில் வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். மூடிவிட்டேன் என்று கேட் கீப்பர் ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். கேட் உண்மையில் மூடியிருக்கிறதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. சிக்னலுக்கும் தெரியாது. ரயில் வந்துவிடும்.

எந்த கேட்டுக்கு இன்டர்லாக் போடுவது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அது 20,000 வந்தால் இன்டர்லாக். செம்மங்குப்பத்துக்குப் பிறகு அந்த வரம்பை 10,000 ஆக இறக்கினார்கள். இறக்கியது நல்லது. ஆனால் இறக்க முடியும் என்பது ஜூலை 8க்கு முன்பே தெரிந்த விஷயம்தானே? பணம் இல்லை என்பதற்காகத்தான் அந்த எண் அவ்வளவு உயரத்தில் நின்றது என்றால், அதே ரயில்வேயின் பெயரில் இன்னொரு பக்கம் கிலோமீட்டருக்கு 200 கோடி போகும்போது, பணம் இல்லை என்ற பதில் நிற்காது.

பணத்துக்குக் காத்திருப்பவை கேட்டுகள் மட்டுமல்ல. விழுப்புரத்திலிருந்து கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போகும் பழைய மெயின் லைன் இன்றும் ஒற்றைப் பாதை. எதிரே ரயில் வந்தால் ஒன்று நின்றுதான் ஆக வேண்டும். நெய்வேலி ஸ்டேஷன் இருக்கும் கடலூர்–விருத்தாசலம் பாதையும் ஒற்றைதான். மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னையைக் கடலூரோடு இணைக்கும் கடற்கரைப் பாதைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, கணக்கில் உயிரோடு இருக்கட்டும் என்று பட்ஜெட்டில் வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கிய ஆண்டும் உண்டு.

நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. மேல்மண்ணை அகற்ற வேண்டும். கீழே இருக்கும் நீரை இரவு பகல் பாராமல் பம்பு போட்டு இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பிறகுதான் நிலக்கரி. அவசரப்பட்டு நேராக நிலக்கரியை வெட்டப் போனால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டு மேலே வரும். அந்த வரிசையை மாற்ற எந்த அமைச்சராலும் முடியாது. பொதுப் பணத்துக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. அதை மீறினால் உடனே வெடித்துத் தெரியாது என்பதால்தான் துணிந்து மீறுகிறோம். உயிரைக் காப்பது முதலில். கூட்டத்தில் நசுங்குகிறவருக்கு உட்கார இடம் அடுத்தது. அதன் பிறகே வேகம்.

வேகத்திலும் வேறுபாடு இருக்கிறது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை 167 கிலோமீட்டருக்கு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில் பாதை அமைக்க ஆய்வு நடக்கும் என்று 2025இல் தமிழக பட்ஜெட்டில் சொன்னார்கள். டெல்லி–மீரட் நடுவே அப்படி ஒரு ரயில் ஓடுகிறது. நடுவிலிருக்கும் ஊர்களில் நிற்கும், அன்றாடம் வேலைக்குப் போய் வீடு திரும்புகிறவரை ஏற்றும் ரயில் அது. கட்டணம் கைக்கு எட்டும்படி இருந்தால் அதற்குப் பொதுப் பணம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வயலின் மேலே பாலம் கட்டி, வழியிலிருக்கும் சின்ன ஊர் எதிலும் நிற்காமல் பறக்கும் ரயிலுக்கு, அந்த வயல்காரரின் வரியையும் சேர்த்துக் கேட்பதில் அந்த நியாயம் இல்லை. வேண்டுமென்றால் பயணம் செய்கிறவர்களின் கட்டணத்திலும், ரயில் நிலையத்தைச் சுற்றி விலை ஏறும் நிலத்தின் லாபத்திலும் அதன் செலவை எடுத்துக்கொள்ளட்டும்.

புதிய அதிவேகப் பாதைக்குப் பணம் கேட்டு பட்ஜெட் நாடாளுமன்றத்துக்கு வரும்போது, கடலூர், சிதம்பரம் தொகுதி உறுப்பினர்கள் எழுந்து ஒரே ஒரு பட்டியலைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்டர்லாக் இல்லாத கேட்டுகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் வேலை முடியும் தேதி என்ன. அந்தப் பட்டியல் மேசைக்கு வரும்வரை ஆதரித்து ஓட்டுப் போடக் கூடாது. அவர்கள் கேட்காவிட்டால், ஓட்டுக் கேட்டு வரும்போது அவர்களிடம் நாம் கேட்க வேண்டும்.