வயிறு பொய் சொல்லுமா?

பொய் சொல்வதற்கு நாக்கு வேண்டும். நாக்கு மட்டும் போதாது. உண்மை இன்னதென்று தெரிந்த மனமும், அதை மறைத்தால் தனக்கு இன்ன லாபம் என்று கணக்குப் போடும் புத்தியும் வேண்டும். இந்த மூன்றும் கூடினால்தான் பொய் பிறக்கும் என்பது என் எண்ணம். ஆனால் உலகம் இவ்வளவு நிதானமாக யோசிப்பதில்லை. வாயைத் திறக்காதவர்கள் மீதும், பேச அறியாத ஜீவன்கள் மீதும் அது பொய்க் குற்றம் சாட்டிவிடுகிறது. ‘பொய்க் கர்ப்பம்’ என்ற சொல் அப்படிப்பட்ட ஒரு குற்றச்சாட்டுத்தான்.

இந்தச் சொல்லைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது ஃபெர்ரெட் என்ற ஒரு சிறு பிராணி. நம் ஊர்ப்பக்கம் அதைக் கண்டவர்கள் குறைவு. பார்வைக்கு நம் கீரிப்பிள்ளையை நினைவூட்டும். நீண்டு மெலிந்த உடல், குட்டைக் கால்கள், துருதுருவென்ற கண்கள். ஆனால் அது கீரி இனமன்று, நீர்நாய்க்கு உறவு. ஐரோப்பியர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பழக்கி வளர்த்து வருகிறார்கள். முயல் வளைக்குள் அதை விட்டால், உள்ளே இருக்கும் முயல்கள் அலறியடித்து ஓடிவந்து வாயிலில் விரித்த வலையில் விழும். இங்கிலாந்தின் கிராமங்களில் இன்றும் இந்த வேட்டை நடக்கிறது. வேட்டைக்கு மட்டுமல்ல, வீட்டுச் செல்லமாகவும் அதை வளர்க்கிறார்கள். அவர்கள் எழுதியவற்றைப் படித்தபோது, அவர்களுக்கு இருக்கும் பெரிய கவலை ஒன்று தெரிந்தது: பெண் ஃபெர்ரெட் உண்டாகியிருப்பது நிஜமா, பொய்யா?

இந்தக் கவலையின் காரணம் அந்தப் பிராணியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. வசந்தத்தில் பகல் நீள நீள, பெண் ஃபெர்ரெட் பருவத்துக்கு வருகிறது. மாதந்தோறும் தானாகவே முட்டை வெளிப்படுவது மனித இனத்துக்கு உள்ள வழக்கம். இங்கே அப்படி இல்லை. ஆணோடு கூடிய பிறகுதான், அதுவும் ஏறத்தாழ முப்பது நாற்பது மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளிப்படும். கூடாவிட்டால் பருவம் தணியாது, மாதக்கணக்கில் நீடிக்கும். அப்படி நீடித்தால் உடலில் தேங்கும் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். துணை கிடைக்காத ஏக்கத்தால் உயிர் போகும் என்று கவிஞர்கள் மிகையாகச் சொல்வதுண்டு. இந்தப் பிராணியின் விஷயத்தில் அது மருத்துவர் சொல்லும் செய்தி.

கூடலுக்குப் பிறகு நடப்பது இன்னும் விந்தை. முட்டை வெளிப்பட்ட இடத்தில் ஒரு சிறு சுரப்பி உருவாகி, கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. மனிதப் பெண்ணுக்கும் இது உண்டு. ஆனால் அவளுடைய உடல், கருவிடமிருந்து ஒரு செய்தி வருகிறதா என்று இரண்டு வாரம் காத்திருக்கும். வராவிட்டால் கடையைக் கட்டிவிடும். ஃபெர்ரெட்டின் உடல் அந்தச் செய்தியை எதிர்பார்ப்பதே இல்லை. கரு ஒட்டியிருந்தாலும் சரி, ஒட்டாமலே போயிருந்தாலும் சரி, அது தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடுகிறது. வயிறு பெருக்கிறது, எடை கூடுகிறது, முலைக்காம்புகள் தடிக்கின்றன. நாள் நெருங்கும்போது தன் ரோமத்தையே பிடுங்கிக் கூட்டில் மெத்தை போடுகிறது. நிஜமான சினை ஏறத்தாழ நாற்பத்திரண்டு நாள். பொய்யானதும் ஏறத்தாழ அத்தனை நாள்தான்! இரத்தத்தை எடுத்து ஹார்மோனை அளந்தாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? மாட்டுக்குச் சினை பார்க்கிறவர்கள் நம்மிடையேயும் உண்டு அல்லவா? அதே போன்ற கைப்பழக்கந்தான். இரண்டு வாரம் கழிந்தபின், தேர்ந்த கை ஒன்று வயிற்றை மெல்லத் தடவி, பட்டாணிபோல் உருண்டையாக ஏதேனும் தட்டுப்படுகிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் ஸ்கான் செய்து, குட்டிகளின் இதயம் துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாயின் உடலில் தெரியும் எந்த அடையாளமும் சாட்சியாகாது. குட்டி ஒன்றே சாட்சி.

இங்கேதான் என் கேள்வி எழுகிறது. இந்தத் தாய் எந்த இடத்தில் பொய் சொன்னது? பருத்த வயிறு மெய். தடித்த காம்பு மெய். பிடுங்கிய ரோமம் மெய்; பிடுங்கிய இடத்து வலியும் மெய்யாகத்தான் இருக்கும். ‘உள்ளே குட்டி இருக்கிறது’ என்பது ஒன்றுதான் இல்லாத விஷயம். அதைச் சொன்னது ஃபெர்ரெட் அன்று. அடையாளங்களைப் பார்த்து நாமாகச் சொல்லிக்கொண்டது அது.

கீரிப்பிள்ளையின் வாயில் இரத்தத்தைக் கண்டு, தன் குழந்தையைக் கடித்துவிட்டது என்று எண்ணி அதைக் கொன்றாளே ஒரு தாய், அந்தக் கதை நமக்கெல்லாம் தெரியும். சிலப்பதிகாரத்தில் கோவலனுடைய நல்ல குணத்தைக் காட்டவும் அந்தப் பெண்ணின் கதை வருகிறது. கீரியின் வாயில் இருந்த இரத்தம் மெய்தான், பாம்பின் இரத்தம். அவள் அதற்குச் சொல்லிக்கொண்ட பொருள்தான் பொய். அவசரப்பட்டுப் பொருள் சொன்னவள் அவள்; உயிரைக் கொடுத்தது கீரி. உலகத்தில் பெரும்பாலான தீர்ப்புகள் இப்படித்தான் அமைகின்றன.

2014-ஆம் ஆண்டில் சீனாவின் செங்டு நகரத்துப் பாண்டா நிலையத்தில் இப்படி ஒன்று நடந்தது. ஆய் ஹின் என்ற பாண்டா உண்டாகியிருப்பதாக நம்பி, பிரசவத்தை உலகம் முழுவதும் நேரடியாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். பிறகு கர்ப்பமே இல்லை என்று தெரிந்தது. உடனே பத்திரிகைகள் என்ன எழுதின? உண்டான பாண்டாவுக்குக் குளிர்சாதன அறையும், கூடுதல் பழமும் ரொட்டியும் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு அது நடித்துவிட்டதாம்! பாண்டாக்களுக்கும் ஃபெர்ரெட்டைப் போலவே இந்த நிலை இயல்பாக வருவதுண்டு. ஆனால் ஏமாந்த மனிதனுக்கு இயல்பு என்ற சமாதானம் போதவில்லை. ஏமாற்றியவர் ஒருவர் வேண்டியிருந்தது.

மனிதர்களிடத்தில் இது இன்னும் கொடுமை. இங்கிலாந்தை ஆண்ட முதலாம் மேரி ராணிக்கு வயிறு பெருத்து, 1555-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரசவத்துக்காக ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தங்கினாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. மாதக் கடைசியில், இளவரசன் பிறந்துவிட்டான் என்ற வதந்தியை நம்பி லண்டனில் மணிகூட அடித்துவிட்டார்கள். மே போயிற்று; ஜூன், ஜூலையும் போயின. ஆகஸ்டில் வெறுங்கையோடு அந்த அரண்மனையை விட்டுப் புறப்பட்டாள். வேறு யாருடைய குழந்தையையோ கொண்டுவந்து காட்டப் பார்க்கிறார்கள் என்ற பேச்சும் இதற்கிடையே நடந்தது. நாடாளுகிறவளுக்கே இந்தக் கதி என்றால் சாதாரணப் பெண்ணின் கதி என்ன?

என் தாயார் தம் இளமையில் தெருவில் நடந்ததாக ஒன்று சொல்லியிருக்கிறார். மணமாகிப் பதினொரு வருஷம் குழந்தையில்லாத ஓர் அம்மாளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. மசக்கை வந்தது, வயிறு தெரிந்தது, வளைகாப்பும் நடந்தது. பத்தாம் மாதம் வலிகூட எடுத்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தெரு முழுவதும் ஒரே வார்த்தை: “இத்தனை மாதமும் நாடகம் ஆடியிருக்கிறாள்!” என் தாயார் இதைச் சொல்லிவிட்டு, “நாடகம் ஆடுகிறவளுக்கு மார்பில் பால் கட்டுமாடா?” என்று கேட்பார். அந்தத் தெருவில் ஒரு கிழவி மட்டும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியத்தைக் கிண்டி எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாளாம். “எதற்கு இது?” என்று வாசலில் யாரோ கேட்டதற்கு, “அவளும் பத்து மாசம் சுமந்தவள்தானே?” என்றாளாம்.

அந்தக் கிழவிக்கு உண்மை தெரியாதா? நன்றாகவே தெரியும். குழந்தை இருப்பதாக அவள் பாசாங்கு செய்யவில்லை. குழந்தை இல்லை என்பது ஓர் உண்மை; அவள் சுமந்தாள் என்பது இன்னோர் உண்மை. தெரு முதல் உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டது. கிழவி இரண்டையும் ஏந்திக்கொண்டாள்.

இனி, ஃபெர்ரெட் வளர்க்கிறவனிடம் வருவோம். அவன் விஷயத்தில்தான் தர்மசங்கடம் இருக்கிறது. குட்டிகள் வேண்டாம், ஆனால் பருவம் நீடித்துப் பிராணி சாகவும் கூடாது என்றால் அவன் என்ன செய்வான்? சூலகத்தை எடுத்துவிடலாம், ஹார்மோன் மருந்து கொடுக்கலாம். இவையன்றிப் பழைய வழி ஒன்றும் உண்டு. வாசக்டமி செய்யப்பட்ட ஆணோடு அதைச் சேர்த்துவிடுவார்கள். பருவம் தணியும், உயிர் பிழைக்கும். ஆனால் பொய்ச் சினை வந்துவிடும். ஆறு வாரம் அந்தப் பெண் கூடு கட்டும். சில, வாயில் அகப்பட்ட பொம்மையைக் கூட்டுக்குள் இழுத்துப் போட்டுக் காவல் காக்கும். வராத குட்டிக்காக நடக்கும் இந்த ஏற்பாட்டை, வராது என்று தெரிந்தே ஒருவன் தொடங்கிவைக்கிறான்.

இது வஞ்சனையா? குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவர் இடம் கொடுத்திருக்கிறார். உயிரைக் காப்பது நன்மைதான். அது முற்றும் குற்றமற்றதா என்றால், பொம்மையைக் காவல் காக்கும் அந்தத் தாயைப் பார்த்தவன் உடனே ‘ஆம்’ என்று சொல்லத் தயங்குவான். அதற்கு என்ன தோன்றுகிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் துன்பமே இல்லை என்று தீர்ப்பளிக்க நமக்கு என்ன உரிமை?

அவன் செய்வது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சாவைவிட ஆறு வாரத்து வீண் காத்திருப்பு மேலானது. ஆனால் அந்தக் கணக்கில் பொய் என்று ஒன்று இருந்தால், அது அறிந்து செய்தவனுடையது. அறியாமல் சுமந்த ஜீவனுடையதன்று. பொய்யை உயிருக்கு மருந்தாகக் கொடுக்கிறவன், அதன் பொறுப்பையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நிஜத்தையும் பொய்யையும் பிரித்தறிவது அவசியந்தான். கையால் தடவிப் பார்க்கட்டும், ஸ்கான் எடுக்கட்டும். பிறவாத குட்டிக்குப் பால் வாங்கி வைப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால் பிரித்தறிவது ஒன்று, பழிப்பது வேறொன்று. முன்னது அறிவின் வேலை. அதை முடித்த சூட்டோடு பின்னதையும் செய்துவிட வேண்டும் என்று நமக்கு ஏனோ ஓர் அவசரம். நம்பிக்கை பலிக்காமல் போனவர்களை நாம் நடத்துகிற முறையே இதுதான். பரீட்சையில் தேறிவிடுவேன் என்று நம்பிய பையன், கடை நிமிர்ந்துவிடும் என்று நம்பிய வியாபாரி, எல்லாரும் கடைசியில் நமக்குப் ‘பொய் சொன்னவர்கள்’ ஆகிவிடுகிறார்கள். அவர்கள் நம்பினார்கள், நம்பியதற்காக உழைத்தார்கள், முடிவு வேறாக இருந்தது. இதில் பொய் எங்கே இருக்கிறது?

நாற்பத்திரண்டாம் நாள் கழிந்து கூட்டில் ஒன்றும் இல்லையென்றால், வளர்க்கிறவன் கூட்டைக் கலைக்கத்தான் வேண்டும். கலைக்கட்டும். ஆனால் அன்றைக்கே, அதன் கண்ணெதிரிலேயே கலைக்க வேண்டாம்.