பசுவின் அன்பும் பாலின் சுரப்பும்

ஈசுவரகிருஷ்ணர் இயற்றிய சாங்கிய காரிகையின் 57ஆம் செய்யுள், அறிவற்ற பால் கன்றின் வளர்ச்சிக்காகத் தானே சுரப்பதைப் போல, அறிவற்ற பிரகிருதியும், அதாவது உலகமாக விரியும் மூல இயற்கையும், புருடன் எனப்படும் உயிரின் விடுதலைக்காகத் தானே இயங்குகிறது என்று வாதிடுகிறது. இயக்குவதற்கு ஓர் ஈசுவரன் வேண்டியதில்லை என்பது இதன் உட்கிடை. பிரம்ம சூத்திரத்துக்கு உரை கண்ட சங்கரர் இதை ஏற்கவில்லை. பசு அறிவுள்ளது, கன்றின் மேல் கொண்ட அன்பினால்தான் அது பால் சுரக்கிறது, கன்று ஊட்டுவதும் அதற்குத் துணையாகிறது என்று மறுத்ததோடு, புல் தானாகவே பாலாகிறது என்றால் காளை மேய்ந்த புல் ஏன் பாலாகவில்லை என்றும் கேட்டார்.

காளை பற்றிய கேள்விக்கு இன்றைய உடலியலில் தெளிவான விடை உண்டு. ஹார்மோன் என்பது இரத்தத்தில் கலந்து சென்று தொலைவிலுள்ள உறுப்பை இயக்கும் வேதிப்பொருள். சினைக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மடியின் பால் நாளங்களையும், புரோஜெஸ்ட்ரோன் பால் ஊறும் நுண்பைகளையும் வளர்க்கின்றன. கன்று ஈனும் தறுவாயில் புரோஜெஸ்ட்ரோன் குறைய, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி விடும் புரோலாக்டின் அப்பைகளின் செல்களைப் பால் ஆக்கத் தூண்டுகிறது. காளையின் உடலில் இந்த ஏற்பாடு இல்லை.

அன்பு பற்றிய வாதம் இவ்வளவு எளிதில் தீர்வதில்லை. ஊறிய பால் காம்புக்கு இறங்க ஆக்சிடோசின் என்ற வேறொரு ஹார்மோன் நுண்பைகளைச் சூழ்ந்த தசைச் செல்களைச் சுருக்க வேண்டும். கன்று முட்டி ஊட்டும்போது மட்டுமல்லாமல், அதைக் கண்டாலே கூட அது வெளிப்படக்கூடும். அமெரிக்க ஆய்வாளர்களான ஈலியும் பீட்டர்சனும் 1941இல் வெளியிட்ட ஆய்வில், மடியின் ஒரு பாதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்த பிறகும் அப்பாதியில் பால் இறங்கியது. பசுவை அச்சுறுத்தியபோதோ தடைப்பட்டது. ஆகவே பசு உணர்வது மடியை எட்டுகிறது என்பதில் சங்கரர் பக்கம் வலுவுண்டு. கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்து நிறுத்திப் பால் கறக்கும் பழைய வழக்கமும் அதையே காட்டுகிறது. ஆனால் ஆக்சிடோசின் ஊசி போட்டால், கன்றும் இல்லாமல் அன்பும் இல்லாமல் பால் இறங்கிவிடுகிறது.

இதனால் சாங்கியம் வென்றதாகக் கொள்ள முடியாது. அதே வேளை, சங்கரரின் மறுப்பும் நினைத்த அளவுக்குத் தைக்கவில்லை. சாங்கியத்தில் புத்தி, அகங்காரம், மனம் ஆகிய மூன்றுமே பிரகிருதியின் விளைவுகள் ஆதலால், பசுவின் அன்பைக் காட்டுவது பிரகிருதிக்கு வெளியே நிற்கும் ஒன்றைக் காட்டியதாகாது. சங்கரரும் இதோடு நில்லாமல், அனைத்தையும் உள்ளிருந்து இயக்குபவன் உண்டு என்று சுருதியைச் சான்றாக்குகிறார். அந்த இடத்தில் மடியைப் பற்றிய எந்தச் சோதனைக்கும் வேலையில்லை.

சாங்கிய உவமையின் உண்மையான இடர், பால் 'கன்றுக்காக' என்பதில் இருக்கிறது. ஹார்மோனுக்கு யார் பொருட்டு என்று தெரியாது; பால் சுரக்காத தாயின் குட்டிகள் பிழைக்காமல் போனதால், சுரக்கும் இயல்பே தலைமுறைகள்தோறும் நிலைத்தது என்று பரிணாமக் கொள்கை விளக்குகிறது. இவ்விளக்கம் பிழைத்த குட்டி அந்த இயல்பை அடுத்த தலைமுறைக்குத் தருவதைச் சார்ந்தது; விடுதலை பெற்ற புருடனோ பிரகிருதியை விட்டே நீங்குவதால், அவ்விடுதலைக்கு உதவிய இயல்பு நிலைபெற அங்கு வழியேதும் இல்லை.