வண்ணம் வைத்த உடம்பு

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பேச்சுக்கு மட்டும் எல்லைக்கல் நட முடியவில்லை. களியக்காவிளை தாண்டிப் பாறசாலைப் பக்கம் வந்தால் ‘வண்ணம்’ என்பது நிறமல்ல, பருமன். நாலு மாதம் கழித்துப் பார்க்கிறவர், “வண்ணம் வச்சிட்டியே மக்ளே” என்பார். அரிசி கிடைக்காத காலத்தில் மரச்சீனிக் கிழங்கால் வயிறு கழுவிய பாட்டிகள் வாயில் அது வாழ்த்து. இன்றைக்கு அதே சொல் குத்துகிறது.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை அது இரண்டு தடவை குத்தும். உடம்பு ஏன் பெருத்தது என்று சொல்லப் போனால் மாத்திரையைச் சொல்ல வேண்டும். மாத்திரையைச் சொன்னால் “ஊளம்பாறை” என்று யாராவது சிரிப்பார்கள். 1870-ல் தொடங்கிய திருவனந்தபுரம் அரசு மனநல மருத்துவமனை இப்போது இருப்பது அங்கேதான். ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகிவிட்டது. இப்போது குடும்ப நலவாழ்வு மையங்களிலேயே ‘ஆஸ்வாசம்’ என்ற பெயரில் மனச்சோர்வு கிளினிக் நடக்கிறது, அவ்வளவு தூரம் பஸ் ஏற வேண்டியதில்லை. கேலிதான் இன்னும் பஸ் ஏறிப் போகவில்லை.

மாத்திரையால் எடை கூடுமா? சிலருக்குக் கூடும். மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்றவை மூளையில் ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கின்றன. அதனால் தூக்கம் வரும், பசியும் வரும், அதிலும் மாவும் இனிப்புமாகக் கேட்கும் பசி. சோர்வில் சாப்பிடாமல் மெலிந்து போனவர் தேறி, பழைய எடைக்குத் திரும்புவதும் இதற்குள் கலந்திருக்கும். பிரிட்டனில் 2 லட்சத்து 94 ஆயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான கட்டுரை, மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களிடம் 5 சதவீதமோ அதற்கு மேலோ எடை கூடுவது சுமார் 21 சதவீதம் அதிகம் என்றது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்தான் அது உச்சம். மருந்துக்கு மருந்து வித்தியாசமும் உண்டு. 2024-ல் வந்த அமெரிக்க ஆய்வில் புப்ரோபியான் எடுத்தவர்களுக்கு எடை கூடும் வாய்ப்பு குறைவாக இருந்தது, எஸ்சிடலோபிராம், பராக்ஸெடின் எடுத்தவர்களுக்குக் கூடுதல். ஆனால் ஆறு மாதத்தில் எஸ்சிடலோபிராமுக்கும் செர்ட்ரலினுக்கும் இருந்த சராசரி வேறுபாடு அரைக் கிலோகூட இல்லை. சராசரி அப்படி. பாவாடை நாடா எட்டாமல் போனவருக்குச் சராசரியைச் சொல்லி என்ன பயன்?

இது டாக்டரோடு முடிகிற விஷயம்போலத் தோன்றும். ஆனால் தேவாலயமும் கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கிற இந்த ஊர்களில் வேறொரு கேள்வி முளைக்கிறது. மாத்திரை கிளப்பிய பசிக்கு உண்பது பெருந்தீனியா? அது பாவக்கணக்கில் சேருமா?

கணக்கை முதலில் எழுதியவர் எகிப்தியப் பாலைவனத்துத் துறவி எவாக்ரியுஸ். நான்காம் நூற்றாண்டில் அவர் வரிசைப்படுத்திய எட்டுத் தீய எண்ணங்களில் பெருந்தீனி முதலாவது. துயரமும், நண்பகலில் வந்து ஆளை முடக்கும் சோர்வும் அதே பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றன. ஆக, மாத்திரை சாப்பிடுகிறவர் ஒரு குற்றத்திலிருந்து விடுதலையாகி வெளியே வந்ததும் பக்கத்து அறையில் இன்னொரு குற்றத்துக்குக் கைதாகிறார். வேடிக்கை என்னவென்றால், எவாக்ரியுஸ் பெருந்தீனி என்று விவரிப்பது இலை நிறையச் சோற்றையல்ல. வயிறு என்னாகுமோ, ஈரல் என்னாகுமோ என்று துறவியை அரிக்கும் கவலையை. நாளைக்கு ஐந்து தடவை எடைக்கருவியில் ஏறி இறங்குகிறவருக்கு அது புரியும். கடுந்தவத்தால் வயிறு கெட்ட எவாக்ரியுஸும் கடைசிக் காலத்தில் சமைத்த உணவுக்கு மாறினார்.

அகஸ்தீன் இன்னும் நேர்மையாகக் குழம்பியவர். தன் வாக்குமூல நூலின் பத்தாம் பகுதியில், உணவை மருந்துபோல உண்ணப் பழகியதாகச் சொல்கிறார். பசிக்கும் நிறைவுக்கும் நடுவே இன்பம் வலை விரிக்கிறது; கேட்பது உடம்பின் தேவையா, ஆசையின் தந்திரமா என்று தனக்கே தெரிவதில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். இரவு பதினொரு மணிக்கு அடுக்களையில் மிச்சக் கிழங்கைக் கிண்ணத்தில் போடுகிறவர் நிற்பதும் அதே குழப்பத்தில்தான். ஒரே வித்தியாசம், உணவை மருந்தாக்கப் பார்த்தார் அகஸ்தீன். இவருக்கோ மருந்தே பசியாகிவிட்டது.

இந்த இடத்தில் பாவக்கணக்கைவிடத் தமிழ்க் காப்பியம் தெளிவாகப் பேசுகிறது. மணிமேகலையில் வரும் காயசண்டிகை, விருச்சிக முனிவனின் நாவற்கனியைச் செருக்கோடு மிதித்துச் சிதைத்தவள். அவன் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் நோய். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. பிழை காலில் இருந்தது, பசியில் இல்லை. வயிற்றைக் கட்டு என்று அவளுக்கு மணிமேகலை உபதேசிக்கவில்லை. அமுதசுரபியிலிருந்து அள்ளிக் கொடுத்தாள், தீ அணைந்தது.

அப்படியானால் எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாமா? அதுவும் சரிப்படாது. குற்றம் இல்லாத இடத்திலும் பொறுப்பு இருக்கும். கூரையில் விழுந்த தேங்காய் யார் தோட்டத்து மரத்தினுடையதாக இருந்தாலும், ஓட்டை மாற்ற வேண்டியது வீட்டுக்காரர். ‘நீ உடம்பல்ல, ஆன்மா’ என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் காட்டுவது கேரளத் துறவி நாராயண குருவை. அவர் 1888-ல் நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை அருவிப்புறத்தில் சிவனாக நிறுவினார். 1927-ல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் கண்ணாடியையே நிறுவினார். கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைக்கிற ஒருவருக்கு அந்தச் சன்னிதியில் யோசிக்க நிறைய உண்டு. ஆனால் சர்க்கரை ஆன்மாவுக்கு வருவதில்லை, இந்த உடம்புக்குத்தான் வருகிறது. குருவும் கடைசி நோயில் டாக்டர்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார்.

எல்லைக்கு அப்பால் நெய்யூரில் 1838-லேயே மருத்துவப் பணி தொடங்கிய லண்டன் மிஷன்தான் பாறசாலையிலும் சபை வளர்த்தது. அந்த மரபில் வந்தவர்கள் மாத்திரையை விசுவாசக் குறைவு என்று சொல்வது விநோதம். ஆனாலும் உபவாச ஜெபம் என்றதும் மாத்திரையையும் சேர்த்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வு, பிறகு பழைய சோர்வும். நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்று கத்தோலிக்கமும் இஸ்லாமும் முன்பே இடம் விட்டிருக்கின்றன. எடை பயமுறுத்தினால் நாள் குறித்து டாக்டரிடம் போய், வேறு மருந்து உண்டா, அளவை மாற்றலாமா என்று கேட்கலாம். சிலருக்கு மெட்ஃபார்மினும் சேர்த்துத் தருவார்கள்.

எடையைப் பற்றிய பழைய கதைகளில் மிகவும் உபயோகமானது பாலி மொழியில் இருக்கிறது. கோசல மன்னன் பசேநதி வயிறு முட்டத் தின்று, மூச்சு வாங்கிக்கொண்டு புத்தரிடம் வந்து உட்கார்ந்தான். புத்தர் அவனைத் திட்டவில்லை. அளவறிந்து உண்பது பற்றி ஒரு செய்யுள் சொன்னார். அரசன் அதைச் சுதசனன் என்ற இளைஞனைக் கற்கச் செய்து, தினம் சாப்பாட்டு வேளையில் வந்து சொல்ல நூறு காசு கூலியும் பேசினான். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாழிச் சோற்றுக்கு வந்து சேர்ந்தான். வைராக்கியத்தை நம்பாமல் ஆளை நம்பியவன் அந்த அரசன்.

அதே உத்தியை அரசன் இல்லாமல் சோதித்துப் பார்த்த இடம் நெய்யாற்றின்கரைத் தாலுகாதான். கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, சர்க்கரை வரும் அபாயம் உள்ள 1,007 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பகுதிகளில், அக்கம்பக்கத்தவரே வழிநடத்த, ஓராண்டு குழுவாகக் கூடிச் சாப்பாடு, நடை, புகை, குடி பற்றிப் பேசினார்கள். 2018-ல் முடிவு வந்தது. இரண்டாண்டில் சர்க்கரை வந்தவர்கள் குழுவில் 14.9 சதவீதம், மற்றவர்களில் 17.1; புள்ளியியல்படி உறுதி சொல்லும் அளவு வித்தியாசம் இல்லை. காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது.

அந்தக் குழுக்கள் மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களுக்காகக் கூடியவை அல்ல. “எனக்குச் சர்க்கரை, சாயாவில் சீனி வேண்டாம்” என்று பாறசாலைச் சந்தியில் சத்தமாகச் சொல்லலாம், கடைக்காரர் தலையாட்டுவார். “நான் தூக்கத்துக்கும் மனசுக்கும் மாத்திரை சாப்பிடுறேன், ராத்திரி பசிக்குது, கூட நடக்க வாறியா?” என்று கேட்க இன்னும் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது.