வேலி தாண்டி வந்த நரி

தீங்கு செய்யாத உயிரிடத்து இரக்கம் காட்டுவது எளிது. மரக்கிளையில் கூவும் குயிலை விரட்ட எவரும் கல்லெடுப்பதில்லை. நம் உறக்கத்தைக் கெடுத்து, நாம் நட்டதைத் தோண்டி, நாம் வளர்த்ததைக் கவ்விச் செல்லும் உயிரிடத்து நாம் எவ்வாறு நடந்துகொள்கின்றோம் என்பதிலேதான் நம் இரக்கம் எத்தகையது என்பது வெளிப்படுகின்றது. நம்மவர் பலர் குடியேறி வாழும் லண்டன் மாநகரின் வீட்டுத் தோட்டங்களில் இக்கேள்வி இரவுதோறும் எழுகின்றது. அதை எழுப்புவது நரி.

நம் நாட்டுப் புதர்க்காடுகளில் ஊளையிடும் நரியை இங்கே நாம் குறிப்பிடவில்லை. செம்பழுப்பு உரோமமும் அடர்ந்த வாலும் உடைய செந்நரியையே குறிப்பிடுகின்றோம். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் லண்டனின் புறநகர்கள் வயல்வெளிகளை நோக்கி விரிந்தன. வீடுதோறும் விசாலமான தோட்டம், செடிப்புதர், கொட்டகை என்று அமைந்த அப்பகுதிகளில் 1930களிலேயே நரிகள் குடிபுகத் தொடங்கின. நகருக்குள் நரி வந்தது என்று குறைகூறுவோர், நரி வாழ்ந்த நிலத்துக்குள் நகர் வந்ததையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆயினும் அங்குள்ள மக்களின் துன்பம் பொய்யானதன்று. ஜனவரிக் குளிரில், இணைசேரும் பருவத்துப் பெண்நரியின் அலறல் ஒரு தெருவையே எழுப்பிவிடும். மண்புழுவையும் வண்டுப்புழுவையும் தேடிப் புல்தரையைக் கிளறிவிடும். தாழ் சரியாக இடப்படாத கோழிக்கூட்டில் புகுந்தால் ஒன்றை உண்பதற்காகப் பலவற்றைக் கொன்றுவிடும். 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிழக்கு லண்டனில் ஒரு வீட்டினுள் நுழைந்த நரி, உறங்கிக்கொண்டிருந்த ஒன்பது மாத இரட்டைக் குழந்தைகளைக் கடித்துக் காயப்படுத்தியது. இத்தகைய நிகழ்ச்சி மிக அரிது என்பது உண்மையே. ஆனால் அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு அச்சொல் எவ்வகையில் ஆறுதலாகும்? உயிரிரக்கம் பேசுவோர் இந்த அச்சத்தை எள்ளி நகையாடக்கூடாது.

அப்படியானால் கொன்றுவிடலாமா? நஞ்சு வைப்பதும் வளைக்குள் நச்சுவாயு செலுத்துவதும் பிரிட்டனில் குற்றமாகும். காட்டு விலங்கை அடித்தும் மூழ்கடித்தும் நசுக்கியும் வேண்டுமென்றே வதைப்பதை 1996ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கின்றது. சட்டம் அனுமதிக்கும் முறையில் கொன்றாலும் பயன் நிலைப்பதில்லை. நரி தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு வாழும் விலங்கு. ஒன்று மறைந்ததும் இடந்தேடி அலையும் மற்றொன்று அவ்வெல்லையில் வந்து அமர்கின்றது. லண்டனில் உள்ளாட்சி மன்றங்கள் பல ஆண்டுகள் நரிகளைக் கொன்று பார்த்தபின், பலன் காணாமல் அம்முயற்சியைக் கைவிட்டன.

இந்நிலையில் நல்லுள்ளம் படைத்தோர் பலரும் நாடும் வழி ஒன்று உண்டு. கூண்டு வைத்துப் பிடித்து, வண்டியிலேற்றி, தொலைவிலுள்ள காட்டில் விட்டுவிடலாம் என்பர். குருதி சிந்தவில்லை, தோட்டமும் தூய்மையாயிற்று, மனச்சான்றும் அமைதியடைந்தது. இதனினும் கனிவான வழி வேறுண்டோ என்று தோன்றும்.

உண்மை வேறு. கூண்டில் சிக்கிய நரி கம்பியைக் கடித்துப் பற்களை உடைத்துக்கொள்ளும். முன்பின் அறியாத நிலத்தில் விடப்பட்டால் இரை எங்கே, மறைவிடம் எங்கே என்று அதற்குத் தெரியாது. அந்நிலத்துக்குரிய நரிகள் அதனைத் தாக்கும். பழகிய இடத்தைத் தேடி அலைந்து வண்டிச் சக்கரங்களில் அரைபடவும் கூடும். அது தாய்நரியாயின், கொட்டகைக்கு அடியில் அதன் குட்டிகள் பசியால் மடியும். அடைத்து வைத்திருக்கும்வரை அந்த நரி அடைத்தவரின் பொறுப்பிலேயே உள்ளதென 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் கொள்கின்றது. கூண்டைத் திறந்துவிட்டால் பொறுப்பும் தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணுகின்றோம். நாம் அகற்றியது துன்பத்தையன்று. துன்பம் நம் கண்ணில் படுவதைத்தான். கண்ணுக்கு மறைவாக நடப்பதை நடவாததாகக் கொள்ளும் இப்பழக்கம் நரியோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானவரும் உளர். இரவுதோறும் இறைச்சித் துண்டுகளை வைத்து, கையிலிருந்தே வாங்கி உண்ணும்படி நரியைப் பழக்குவர். அஞ்சவேண்டிய மனிதரை அஞ்சாதபடி பழகிய அவ்விலங்கு, அடுத்த வீட்டின் திறந்த கதவையும் அழைப்பென்றே கருதும். அங்கே அதற்காகக் காத்திருப்பது தடியோ துப்பாக்கியோ ஆகலாம். உணவளித்தவருக்குக் கிடைப்பது மனநிறைவு. அதனால் விளையும் இடரை அயலாரும் நரியுமே சுமக்கின்றனர்.

இவ்விரு வழிகளிலும் ஒரே குறையைக் காண்கின்றோம். இரக்கம் காட்டுபவர் எதையும் இழப்பதில்லை. சுமை முழுவதும் பிறர் தலையில் ஏற்றப்படுகின்றது. ஆகவே ஒரு செயல் இரக்கமுடையதா என்று அறிய, அதனால் நம் உள்ளம் எவ்வளவு நெகிழ்ந்தது என்று பார்த்தால் போதாது. அதற்கான உழைப்பையும் பொறுமையையும் யார் தருகின்றார் என்று கேட்க வேண்டும்.

அவ்வாறு கேட்டால், செய்யவேண்டியவை பெரும்பாலும் நம் பக்கத்திலேயே இருப்பதை உணர்வோம். குப்பைத் தொட்டியை இறுக மூட வேண்டும். உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்க வேண்டும். பூனைக்கு வைத்த உணவை இரவில் வெளியே விடலாகாது. எலும்புத்தூளும் இரத்தத்தூளும் கலந்த உரம் இட்டால், மண்ணுக்கடியில் ஏதோ புதைந்துள்ளதென்று எண்ணி நரி பாத்தியைத் தோண்டும். உரத்தை மாற்றினாலே அத்தொல்லை குறையும். மெல்லிய கோழிவலையை நரி கடித்துக் கிழித்துவிடும். தடித்த கம்பிவலையை மண்ணுக்குள்ளும் இறக்கிக் கூட்டைக் காத்தால் கோழிகள் பிழைக்கும். குழந்தை உறங்கும் அறையின் கீழ்த்தளக் கதவை இரவில் சாத்துவது பெற்றோரின் கடமை. அக்கடமையை நரியின்பால் ஏற்றிவிட இயலாது.

எல்லாவற்றினும் கடினமானது காத்திருத்தலே. குட்டிகள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் பிறக்கின்றன. முதற்சில வாரங்கள் தாய் வளையைவிட்டு அகலாது; ஆண்நரி இரை கொண்டுவரும். அந்நாளில் கொட்டகையின் அடியை அடைப்பது குட்டிகளை உயிரோடு புதைப்பதற்கு ஒப்பாகும். இலையுதிர் காலத்திற்குள் அவை வளர்ந்து தாமே இரை தேடத் தொடங்கிவிடும். அதன்பின் வாயிலில் வைக்கோலைத் தளர்வாகத் திணித்து, சில நாள்கள் அது கலையாதிருப்பதைக் கண்டு, உள்ளே உயிரில்லை என்று உறுதிசெய்தபின் கம்பிவலையால் அடைக்கலாம். தோட்டத்தின் ஒரு மூலையைச் சில திங்கள் விட்டுக்கொடுப்பது பெரும் இழப்பன்று. ஆனால் அது நம்முடைய இழப்பு. அதனாலேயே அதற்கு அறத்தின் மதிப்பு உண்டு.

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்பர் நம் முன்னோர். நரியை உறவாகக் கொண்டாடவும் அவர்கள் சொல்லவில்லை. அதன் சுவட்டையே அழிக்கவும் சொல்லவில்லை. தன் வழியே அது போகட்டும் என்று விட்டார்கள். தலைசாய்க்கத் தமக்கோர் இடமில்லை என்று சொல்லவந்த இயேசுபிரானும், நரிகளுக்கு வளை உண்டு என்பதை இயல்பான உண்மையாகவே எடுத்துரைத்தார். அவற்றுக்கு அது மிகையென அவர் கூறவில்லை.

நோயுற்றுத் துடிக்கும் நரியைப் பயிற்சி பெற்றவர் துன்பமின்றி முடிக்கவேண்டிய நேரமும் வரலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவை எட்டுமுன், நம் கையால் செய்யக்கூடியவற்றைச் செய்து முடித்தோமா என்று கேட்போம். கூண்டு வாங்கப் புறப்படுமுன், குப்பைத் தொட்டியின் மூடி சரியாக இருக்கின்றதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுவோமாக.