கிழக்கே பார்த்து நிற்கும் யானை

ஓம் சரவணபவ. 

திருத்தணி போனவங்க கவனிச்சிருப்பீங்க. பொதுவா சன்னதிக்கு எதிரே இருக்கிற வாகனம் சாமியைப் பார்த்துதான் இருக்கும். அங்கே யானை மட்டும் முருகனுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்து நிற்குது. தெய்வானையைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தப்போ இந்திரன் ஐராவதத்தையும் சீரா கொடுத்தான். அது போனதும் தேவலோகத்துச் செல்வம் குறைய ஆரம்பிச்சுது. திருப்பி அனுப்பறேன்னார் முருகன். கொடுத்த சீரை எப்படி வாங்கிக்கிறது? "அது என் பக்கம் பார்த்து நின்னா போதும்"னு இந்திரன் கேட்டான். சாமியும் சம்மதிச்சார்.

புராணம் இந்திரனோட செல்வத்தைப் பத்திதான் பேசுது. யானையோட மனசை யாரும் கேட்கலை. எனக்கு அதைக் கேட்கத் தோணினதுக்குக் காரணம் எங்க பெரியம்மா.

எங்க ரெட்டியார்பாளையத்துல பிரான்சுல சொந்தம் இருக்கிற வீடுகள் நிறைய. 1962 ஆகஸ்ட் 16-ல புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ, விரும்பினவங்க பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்க வழி இருந்துச்சு. அப்போ ஆரம்பிச்ச போக்குவரத்து இன்னும் நிக்கலை. பெரியம்மா போனது பேரனைப் பார்த்துக்க, பாரிஸ் பக்கம். பாஷை தெரியாது. குளிர்காலத்துல அஞ்சு மணிக்கே இருட்டிடுதாம்.

போன கிருத்திகைக்கு வீடியோ கால்ல கேட்டாங்க: "கவசம் சொல்றேன்டா, கண்ணை மூடினா நம்ம வாசல்தான் வருது. மாசி மகத்துக்கு மயிலம் முருகன் வைத்திக்குப்பம் கடலுக்கு வருவாரே, அந்தக் கூட்டம் வருது. மனசு இங்கே இல்லாம கும்பிட்டா சாமி ஏத்துக்குவாரா?"

பக்கத்துல இருந்த அண்ணன், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, இனிமே இதான் உன் ஊரு"ன்னார். நல்ல பிள்ளைதான், ஆனா அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கலை.

யானைக் கதையைச் சொன்னேன். தன் வாசல்லயே தனக்கு முதுகு காட்டி நிற்க இடம் கொடுத்தவர் பெரியம்மா அவர், உங்க ஞாபகத்துக்கா கோவிச்சுக்கப் போறார்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இங்கேர்ந்து புதுச்சேரி எந்தப் பக்கம்டா?"ன்னாங்க. அங்கேயும் கிழக்குதான்.

அம்மாவை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போன தம்பி தங்கைகளே, பாரிஸ்ல லா சாப்பேல் பக்கம் 1985 முதல் மாணிக்க விநாயகர் கோயில் இருக்கு. ஆகஸ்ட் கடைசியை ஒட்டித் தேர் வரும், தெருவிலேயே தேங்காய் உடைப்பாங்க. கூட்டிப் போங்க. திரும்பி வரும்போது அவங்க ஊர்க்கதை பேசுவாங்க. போனை உள்ளே வச்சுட்டுக் கேளுங்க. திருத்தணிக்குப் போனா, அந்த யானைக்கு முன்னாடியும் ஒரு நிமிஷம் நில்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!