வினைச் செம்மையும் வினைத் தூய்மையும்

ஒரு தொழிலைச் செம்மையாகச் செய்து முடிப்பது திறமையா, அறமா? கற்றுப் பழகினால் எவர்க்கும் கைவரக்கூடியதே அது. ஆகவே திறமைதான் என்பர் ஒரு சாரார். பிறர் காணாத இடத்திலும் பிழையின்றிச் செய்பவனுடைய நெஞ்சில் நேர்மை இருந்தே தீரும். ஆகவே அறம்தான் என்பர் மறு சாரார். இவ்வினாவை ஆராயப் பெருங்கோயிலையோ பேரணையையோ நாம் எடுத்துக்கொண்டால், அவற்றின் புகழே நம் தீர்ப்பை ஒரு பக்கம் சாய்த்துவிடும். எனவே, எவரும் ஏறெடுத்துப் பாராத ஒரு சிறு பொருளை, ஒரு பழைய துப்பாக்கியின் பித்தளைக் கீலை, எடுத்துக்கொள்வோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சிறப்பாக லங்காஸ்டர் வட்டாரத்தில், ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலிருந்து குடியேறிய கொல்லர்கள் நீண்ட குழலுடைய ஒருவகை ரைபிளை உருவாக்கினர். ஜெர்மனியில் பிறந்து லங்காஸ்டரில் பட்டறை நடத்திய ஜேக்கப் டிக்கர்ட் அவர்களுள் ஒருவர். தாயகத்தில் அவர்கள் அறிந்திருந்தது குட்டைக் குழலும் பருத்த குண்டும் உடைய வேட்டைத் துப்பாக்கி. புதிய நாட்டின் காடுகளுக்கேற்பக் குழலை நீட்டினர், குண்டைச் சிறிதாக்கினர். கொண்டுவந்த கைவினையை விடாமலும், வந்த இடத்தின் தேவையை மறவாமலும் வாழ்ந்த அவர்களுடைய நிலை, பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு எளிதில் விளங்கும்.

அந்தத் துப்பாக்கி, குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டித்துச் சுடுவது. ஈயக் குண்டைக் கொழுப்புத் தடவிய சிறு துணியில் பொதிந்து உள்ளே தள்ளுவர். அத்துணிகளை வைத்துக்கொள்ளக் கட்டையின் அடிப்பகுதியில் ஒரு பள்ளம் குடையப்படும். பழைய துப்பாக்கிகளில் அதற்கு மரத்தாலான இழுப்பு மூடி இருந்தது. பென்சில்வேனியக் கொல்லர்கள் அதற்குப் பதிலாகக் கீல் பொருத்திய பித்தளை மூடியைப் பெருவழக்காக்கினர்.

அக்கீலைக் கையால் செய்யும் முறை பார்ப்பதற்கு எளியது. பித்தளைத் தகட்டின் விளிம்பை மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சி இளக்க வேண்டும். காய்ச்சி நீரில் தோய்த்தால் எஃகு கடினமாகும். பித்தளையோ மென்மையாகவே இருக்கும். இளகிய விளிம்பை, அச்சாணியின் பருமனுள்ள ஓர் இரும்புக் கம்பியைச் சுற்றி வளைத்து, பிடிப்புக் கருவியில் இறுக்கி, சிறு சுத்தியால் தட்டிச் சுருட்ட வேண்டும். வளைக்க வளைக்கப் பித்தளை விறைக்கும். மீண்டும் காய்ச்சாமல் மேலும் வளைத்தால் வெடித்துவிடும். சுருள் அமைந்த பின், ஒரு தகட்டில் மூன்றும் மற்றதில் இரண்டுமாகப் பற்கள் நிற்குமாறு வாளாலும் அரத்தாலும் இடைவெளி வெட்ட வேண்டும். ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளியில் மயிரிழையும் பிசகாமல் அமர வேண்டும். சற்றே கூடுதலாக அராவினால் மூடி ஆடும். குறைவாக அராவினால் இறுகிக்கொள்ளும். இத்தனையும் முடிந்த பின் அந்தச் சுருள் கட்டையின் மரத்துக்குள் புதைந்துவிடும். மேலே தெரிவது ஒரு மெல்லிய கோடு மட்டுமே.

வாங்குபவன் அக்கோட்டைக் கூடக் கவனிக்கமாட்டான். ஆயினும் கொல்லன் அராவுகிறான், பொருத்திப் பார்க்கிறான், மறுபடியும் அராவுகிறான். அவனைக் கண்காணிப்பவர் எவருமில்லை. பொருந்துகிறதா, இல்லையா என்று உலோகமே சொல்லிவிடுகிறது. அந்தச் சொல்லுக்கு அவன் கட்டுப்படுகிறான். அவன் செயலில் அறத்தின் சாயல் உண்டு என்பதில் ஐயமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 1798-இல் ஈலை விட்னி என்பார், 10,000 துப்பாக்கிகளை இரண்டாண்டுகளில் செய்து தருவதாக அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்தார். ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தும்படி எல்லா உறுப்புகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த கொள்கை. கடைசித் துப்பாக்கி கைக்கு வந்தது 1809-இல்தான். எனினும் பிற்காலத் தொழில் உலகம் அக்கொள்கையின் வழியிலேயே சென்றது. கையால் செய்த கீல் தன் இணைக்கு மட்டுமே பொருந்தும்; உடைந்தால் வேறொன்றைக் கொண்டு மாற்ற இயலாது. அப்படியிருக்க, அந்த உழைப்பைப் போற்றுவானேன்? இம்மறுப்பில் நியாயம் உண்டு. எல்லார்க்கும் பயன்படும் பொருளை எளிதாக்குவதும் ஓர் அறமே. கைவேலை என்பதனாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது.

இதனினும் வலிய மறுப்பு ஒன்று உண்டு. அக்கீல் பூட்டப்பட்டது ஒரு கொலைக் கருவியில் அன்றோ! அத்துப்பாக்கி எல்லைப்புறக் குடும்பங்களுக்கு மான் இறைச்சி தந்தது; பயிரையும் காத்தது. அதே துப்பாக்கியே மண்ணின் பழங்குடிகளை அவர்களுடைய நிலத்திலிருந்து விரட்டவும் பயன்பட்டது. 1763 டிசம்பரில், பாதுகாப்புக்காக லங்காஸ்டர் நகரில் அடைத்து வைக்கப்பட்டிருந்த கானஸ்டோகா பழங்குடியினர் 14 பேரை, ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று புகுந்து கொன்றது. மாண்டவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். மயிரிழை பிசகாத வேலைக்குப் பெயர்பெற்ற அதே ஊரில்தான் இக்கொடுமையும் நிகழ்ந்தது. கையின் நேர்மை தானாகவே நெஞ்சின் நேர்மையாகி ஊரின் நேர்மையாக வளர்ந்துவிடும் என்று நம்புவோர், இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வள்ளுவர் 'வினைத்தூய்மை'யை 66-ஆம் அதிகாரமாகவும், 'வினைத்திட்ப'த்தை 67-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். செய்யும் உறுதிக்கு முன்னே செய்யப்படுவதன் தூய்மை நிற்கிறது. இவ்வரிசையில் நம் வினாவுக்கு விடை இருப்பதாக நாம் கருதுகிறோம். செம்மை தூய்மைக்கு ஈடாகாது. நல்ல கீல், தீய நோக்கத்தை நல்லதாக்காது. அவ்வாறே நல்ல நோக்கமும் ஆடும் கீலுக்குச் சமாதானம் ஆகாது. இரண்டும் தனித்தனிக் கடன்கள். ஒன்றைச் செலுத்தி மற்றொன்றைக் கழித்துவிட இயலாது.

இது கொல்லருக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம்முள் பலர் மேசையருகே அமர்ந்து கோப்பு எழுதிப் பிழைப்பவர்கள். விதி எண்ணும் தேதியும் வழுவாமல், அடித்தல் திருத்தல் இன்றி ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. அதன் முடிவில் ஓர் ஏழை விதவையின் ஓய்வூதியம் மறுக்கப்படுகிறது. குறிப்பு செம்மையானது, ஆனால் அது யாரை எங்கே நிறுத்தியது என்று எழுதியவர் கேட்டாரா? மாறாக, இரக்கம் மிகுந்த ஒருவர் ஆவணங்களைச் சரியாக இணைக்காமல் அனுப்ப, அதே விதவை மேலும் ஓராண்டு அலைகிறாள். முன்னவரிடம் தூய்மை குறைந்தது. பின்னவரிடம் செம்மை குறைந்தது. அவளுக்கோ இருவராலும் துன்பமே விளைந்தது.

இன்று அத்துப்பாக்கிகளைப் போருக்காக எவரும் செய்வதில்லை. வில்லியம்ஸ்பர்க் நகரில் வாலஸ் கஸ்லர் என்னும் கைவினைஞர் பழைய முறையிலேயே ஒரு ரைபிளைச் செய்து காட்டியது 1969-இல் திரைப்படமாக வெளிவந்தது. அதன் பின்னும் பலர், வரலாற்றைக் கையால் அறியும் ஆர்வத்தோடு பித்தளையைக் காய்ச்சிக் கீல் வளைத்து வருகின்றனர். வேலை அதுவே, நோக்கம் மாறிவிட்டது. மாறக்கூடியதாக இருப்பதனாலேயே, நோக்கத்தைக் குறித்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

'பொருந்துகிறதா?' என்ற வினாவைக் கொல்லன் தன் கீலிடம் சலிக்காமல் கேட்கிறான். அதே பொறுமையோடு 'எதற்குப் பொருந்துகிறது?' என்றும் கேட்கக் கற்றவனே வினையை முழுமையாகச் செய்தவன் ஆவான். நம் மக்களுக்குத் தொழிலைக் கற்பிக்கும்போது இவ்விரண்டு வினாக்களையும் சேர்த்தே கற்பிப்போமாக.